காலிக் கட்டங்கள்

அக்கா அந்த அலுவலகத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. உள்ளே வந்தவள் தங்கையைக் கூப்பிடவில்லை. சுவரோரமாகக் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து, சின்னவள் திரையிலிருந்து நிமிரும்வரை காத்திருந்தாள். வீட்டில் அவர்கள் பெரியவள், சின்னவள். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்ட நினைவு இருவருக்குமே இல்லை.

"எப்பக்கா வந்தே?"

"இப்பதான்."

இப்போதுதான் வந்தவள் மாதிரி இல்லை. நெற்றியில் வியர்வை காய்ந்திருந்தது. மடியில் கைப்பை, அதன்மேல் கைப்பேசி.

"மெசேஜ் வந்துச்சு. உங்க ஆபீஸ்லேருந்துதான்."

சின்னவளுக்குத் தெரியும். அந்தச் செய்தியின் வாசகத்தை எழுதியதே அவள்தான். புறவழிச்சாலைக்காகப் பழைய இடுகாட்டைக் காலி செய்கிறார்கள். குழிகளைத் தோண்டி, எஞ்சியதை மரப்பெட்டிகளில் எடுத்து, ஊருக்கு வெளியே புது இடத்தில் வைக்கப்போகிறார்கள். யாருடைய பெட்டி எது, எந்தக் குழியிலிருந்து எடுத்தது, எப்போது வந்து பார்க்கலாம் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் செய்தி போயிருந்தது. வாசகம் எல்லோருக்கும் ஒன்றுதான். குழி எண்ணும் பெட்டி எண்ணும் மட்டும் டேட்டாபேஸிலிருந்து வந்து தானாக அதனதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அக்காவுக்கும் ஒன்று போகும் என்று தெரிந்துதான் சில நாட்களாக அவள் அக்கா வீட்டுப் பக்கம் போகாமல் இருந்தாள்.

"இதுல குழி நம்பர் தப்பா இருக்குடி."

"தப்பா இருக்காதுக்கா. நானே ஏத்தினது."

"நீ ஏத்தினேங்கறதுக்காக அவ எழுந்து வேற இடத்துக்கு நடந்து போயிருப்பாளா?"

அவ. அந்த ஒரு சொல்லைக் கேட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. எட்டு மாதம் இருந்துவிட்டுப் போன குழந்தை. அதற்குப் பெயர் வைப்பதை ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிக்கொண்டே இருந்ததில், கடைசிவரை அது பாப்பாவாகவே இருந்தது. அந்த நேரம் சின்னவள் வெளியூரில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். அவள் திரும்பி வந்தபோது வீட்டில் எல்லோரும் அழுது முடித்திருந்தார்கள். தொட்டில் கயிறு கூட உத்தரத்தில் இல்லை. எங்கே வைத்தீர்கள் என்று கேட்க அன்றைக்கு வாய் வரவில்லை. மறுநாள் கேட்கலாம் என்று விட்டது, பிறகு கேட்கக்கூடாத கேள்வியாக இறுகிப்போயிற்று. அக்காவின் கணவர் வேலை என்று ஒரு ஊருக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டபோதும் யாரும் பாப்பாவைப் பற்றிப் பேசவில்லை.

"அவளை எங்க வச்சீங்க?" என்று சின்னவள் இப்போது கேட்டாள்.

"மாமனார் காலடியில. நான்தான் இறங்கி வச்சேன். அவ அப்பா கை நடுங்குதுன்னு நின்னுட்டாரு."

சின்னவள் மாமனாரின் பெயரைத் தட்டினாள். திரையில் ஒரே ஒரு வரி வந்தது. அவருடைய குழி எண், வயது, புதைத்த தேதி. அந்தக் குழியில் வேறு யாரும் இல்லை.

பிறகு அக்காவுக்குப் போயிருந்த செய்தியில் உள்ள குழி எண்ணைத் தட்டினாள். வரிகள் வந்துகொண்டே இருந்தன. முதலில் வயதான ஒரு பெண்மணி. அவருக்குக் கீழே ஆண் குழந்தை, பெண் குழந்தை, பெண் குழந்தை, ஆண் குழந்தை. ஒவ்வொன்றுக்கும் தகப்பன் வேறு, வீட்டு விலாசம் வேறு. தேதிகள் மட்டும் ஒட்டி ஒட்டி இருந்தன. ஒரே குழியில், சம்பந்தமே இல்லாத ஒரு பாட்டியம்மாளைச் சுற்றி, ஊரில் அந்தக் கோடையில் போன பிள்ளைகள் எல்லாம்.

அவள் மறுபடி மேலே போய் முதல் வரியிலிருந்து படித்தாள்.

அந்த இடுகாட்டில் கைக்குழந்தைகளுக்குத் தனிக் குழி தருவதில்லை. வீட்டில் முன்னால் போனவர் யாராவது இருந்தால் அவருடைய காலடியில் வைத்துவிடுவார்கள். கல்லில் பெரியவரின் பெயரும் குழி எண்ணும் மட்டும்தான் இருக்கும். பழைய கிளார்க் அதையெல்லாம் தன் வழியில் எழுதி வைத்திருந்தார். குழி எண்ணை ஒரு தடவை எழுதுவார். அதே குழியில் பின்னால் வந்தவர்களை அந்த வரிக்குக் கீழே நுழைத்து, எண்ணுக்கு உரிய கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார். மேலே உள்ளதே கீழேயும் என்று அர்த்தம். பேப்பரில் அப்படித்தான் எழுதினார். பேப்பரைக் கரையான் தின்னத் தொடங்கியதும் கணினியில் ஷீட் போட்டுத் தட்டியபோதும் அப்படியே தட்டினார். பார்க்கிற கண்ணுக்கு அது போதும். காலிக் கட்டத்தைக் கண்டதும் கண் தானாக மேலே போய் எண்ணை எடுத்துக்கொண்டு வந்துவிடும்.

சின்னவளிடம் அந்தக் கோப்பு வந்தபோது பழைய கிளார்க் உயிரோடு இல்லை. பேப்பரைக் கரையான் தின்று முடித்திருந்தது, அவருடைய கணினியும் காயலான் கடைக்குப் போயிருந்தது. கட்டங்களுக்கு நடுவில் காற்புள்ளி மட்டும் மிஞ்சிய வெறும் எழுத்துக் கோப்பு. அதைத்தான் அவள் டேட்டாபேஸில் ஏற்றவேண்டும். முதல் தடவை ஏற்றியபோது தேதிகள் இடறின. சில வரிகளில் மாதம் முன்னால், சிலவற்றில் நாள் முன்னால், ஒன்றிரண்டில் இல்லாத தேதிகள். கெட்ட தேதிகளை எல்லாம் ஒரே இடத்தில் பார்க்கலாம் என்று கோப்பைத் தேதிப்படி வரிசைப்படுத்தினாள். ஒவ்வொன்றாகத் திருத்தினாள். பழைய கோப்பின்மேலேயே சேமித்தாள்.

இரண்டாவது தடவை, குழி எண் காலியாக இருக்கக்கூடாது என்று டேட்டாபேஸ் வரிகளைத் திருப்பி அனுப்பியது. அவளுக்குக் கிளார்க்கின் வழக்கம் தெரிந்துதான் இருந்தது. தெரியாமல் இருந்திருந்தாலாவது யாரையாவது கேட்டிருப்பாள். காலியாக இருந்தால் மேலே உள்ள எண்ணை எடுத்துக்கொள் என்று ஒரு கட்டளை எழுதினாள். ஆனால் தேதிப்படி அடுக்கிய பிறகு மேலே இருந்தவர் யாரோ. மூன்றாவது தடவை ஒரு வரி கூடத் திரும்பவில்லை. பிழை எதுவும் இல்லை என்று திரை சொன்னது. அன்று அவள் சீக்கிரமாக வீட்டுக்குப் போனாள்.

கவனமில்லாதவள் என்று அவளை யாரும் சொல்லிவிட முடியாது. தொலைபேசி எண்களின் முன்னால் இருக்கும் பூஜ்யம் உதிர்ந்துபோகும் என்று அவற்றை எண்ணாக ஏற்றாமல் எழுத்தாகவே ஏற்றியவள். ஏற்றி முடித்ததும் பத்துப் பதினைந்து குழிகளைக் கல்லோடு ஒப்பிட்டுப் பார்த்தாள், எல்லாம் சரியாக இருந்தது. கல் இருந்தவர்கள் எல்லோரும் பெரியவர்கள். அக்கா கணவரின் பெயருக்கு எதிரே 'பெண் குழந்தை' என்ற வரி திரையில் கடந்து போனபோது மட்டும் அவள் பார்வையைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த ஒரு வரியை நின்று படித்திருந்தால், வேறு குடும்பத்துக் கிழவியின் எண் அங்கே ஏன் இருக்கிறது என்று கேட்டிருப்பாள்.

"என்னடி, ஒண்ணும் சொல்லாம உக்காந்திருக்கே?"

"அக்கா, பெட்டியைப் பாக்கலாம் வா."

பெட்டிகள் இருந்த கொட்டகை அலுவலகத்துக்குப் பின்னால், இடுகாட்டின் வாசலை ஒட்டி இருந்தது. தகரக் கூரை. உள்ளே புது மரத்தின் வாசனை. பெட்டிகள் எல்லாம் ஒரே அளவு, ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். தோண்டும் வேலையைப் பார்த்த மேஸ்திரி ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அவர்களைக் கண்டதும் எழுந்து, உட்கார்ந்திருந்த பெட்டியைக் கையால் துடைத்தார், அதில் இருந்தவரிடம் மன்னிப்புக் கேட்பதுபோல.

எண்ணைச் சொன்னதும் நடு அடுக்கிலிருந்து ஒன்றை இறக்கி வைத்தார். அக்கா குனிந்து இரண்டு கையாலும் தூக்கினாள். பாதி உயரத்திலேயே கீழே வைத்துவிட்டாள்.

"கனமா இருக்கு."

"மண்ணும் சேந்திருக்கும்மா."

"மரத்தோட கனம், மண்ணோட கனம் எல்லாம் எனக்குத் தெரியும். எட்டு மாசப் பிள்ளை. தூங்கறவரைக்கும் தோள்ல போட்டு நடந்திருக்கேன். இது யாரு?"

மேஸ்திரி சின்னவளைப் பார்த்தார்.

"அந்தக் குழியா? அந்தக் குழியைப் பத்திப் பசங்க கூடச் சிரிச்சாங்க மேடம். லிஸ்ட்ல ஒரு பள்ளிக்கூடமே இருக்கே, மணி எப்ப அடிக்கும்னு."

"தோண்டினப்ப என்ன இருந்துச்சு?"

"ஒரு ஆள்தான். வயசானவங்க. பிள்ளைங்க எலும்பு சீக்கிரம் மண்ணாப் போயிடும், அதான் இல்லன்னு நெனச்சோம். போய் சார்கிட்ட சொன்னேன். லிஸ்ட்ல எத்தனை பேரோ அத்தனை பெட்டி வந்தாகணும்னாரு. ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்ல. பிரிச்சுப் போட்டோம்."

"எதைப் பிரிச்சீங்க?" என்று அக்கா கேட்டாள்.

அவர் பீடியைச் சுவரில் தேய்த்து அணைத்தார். தகரக் கூரையில் ஏதோ பறவை நடந்துபோன சத்தம் கேட்டது. மூன்று பேரும் அது ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போய் முடியும்வரை அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"என் மாமனார் குழியிலே?"

எண்ணைக் கேட்டுக்கொண்டு மேஸ்திரி யோசித்தார். "அது ஒரு ஆள்னு இருந்துச்சு. ஒரு ஆளை எடுத்தோம். தலைமாட்டுலேருந்து முழங்கால் வரைக்கும் தோண்டினா ஆளை உருவிடலாம். காலடிப் பக்கம் போகவே இல்லை."

"அப்ப அவ அங்கயேதான் இருக்கா."

"இருப்பாங்க, ஆனா மத்தியானம் சமன்படுத்தற மெஷின் வருதும்மா."

மேஸ்திரி சொன்ன சார் அலுவலகக் கண்காணிப்பாளர்தான். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப்போனவர், சின்னவள் சொல்லத் தொடங்கியதும் மூடி வைத்தார். கெட்ட மனிதர் இல்லை. அவளுக்கு இந்த வேலை கிடைக்கக் காரணமே அவர்தான். முழுவதும் கேட்டார்.

"எத்தனை வரி இப்படி?"

"குழந்தைங்க எல்லாமே சார். பெரியவங்கள்ல, ஒரே குழியில ரெண்டாவதா வச்சவங்களும்."

"மேல இருந்து கையெழுத்து ஆயிடுச்சும்மா. குழிக் கணக்கும் பெட்டிக் கணக்கும் டேலி."

"டேலி ஆகத்தானே சார் செய்யும்? லிஸ்டைப் பாத்துத்தானே பெட்டி போட்டாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "மெஷினை நிறுத்தணும்னா எதுக்குன்னு எழுதணும். முதல்ல உங்க பேரை எழுதணும். ரெண்டாவது பேர் என்னுது. எழுதி, அது போய், யாரோ படிச்சு, பதில் வர்றதுக்குள்ள அங்க ரோடே போட்டு முடிச்சிருப்பான்."

"அதுக்காக?"

"உங்க அக்கா பிள்ளைங்கறீங்க. எங்க இருக்குன்னும் தெரியுது. மேஸ்திரிகிட்ட சொல்றேன், இப்பவே போய் எடுத்துக்குங்க. ஒரு பெட்டிக்குப் பதிலா ஒரு பெட்டி. சத்தமில்லாம முடிச்சுக்கலாம்."

"மத்த பிள்ளைங்க?"

"அவங்க எங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார். பழைய வரிசை இப்ப எங்கயும் இல்லை."

"அப்ப யாருக்குத் தெரியும்?"

சின்னவள் வாசல் பக்கம் பார்த்தாள். "வச்சவங்களுக்குத் தெரியும்."

"நல்லா இருக்கே. ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, உங்க பிள்ளையை எங்க வச்சீங்கன்னு கேப்பீங்களா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க நானா ஆசைப்படறேன்? கேட்டா எத்தனை வீட்ல எழவு திரும்ப விழும்னு யோசிச்சீங்களா?"

கதவு திறந்துதான் இருந்தது. அக்கா வெளியே பெஞ்சில் இருந்தாள். சின்னவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் ஒரு ஆணி இருந்தது, எதுவும் மாட்டாமல்.

"வா, போய் எடுத்துடலாம்" என்றாள் சின்னவள். "மேஸ்திரி வருவாரு."

"நீ போன் பண்ணப் போறியா?"

"தெரியலக்கா. முதல்ல பாப்பாவை எடுத்துடலாம்."

"அவளை எடுத்துட்டா மெஷினை மறிச்சு அங்க உக்கார எனக்கு என்ன காரணம் இருக்கு? எழுந்திரும்மான்னு சொல்லிடுவாங்க." அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நீ போன் பண்ணு. நான் போய் அவகிட்ட உக்காந்துக்கறேன். கடைசியா எடுத்துக்கலாம்."

"அக்கா, சத்தம் போட்டா அந்த ஆள் பாப்பாவையும் எடுக்க விடமாட்டாரு. கையில கிடைச்சதை ஏன் விடறே?"

"இத்தனை வருஷம் எங்கே வச்சேன்னு என்னை ஒருத்தரும் கேக்கலை. நீயும் கேக்கலை. கேட்டா அழுவேன்னு நெனச்சீங்க. கேக்கறதுதான் நல்லா இருந்துச்சு, இன்னிக்கு." எழுந்து நின்றாள். "கேளு. திட்டறவங்க திட்டட்டும்."

அவள் இடுகாட்டு வாசல் வழியாகப் போவதைச் சின்னவள் சன்னலிலிருந்து பார்த்தாள். தோண்டிய குழிகளுக்கு நடுவே தடுமாறாமல், வளைந்து, இடப்பக்கம் திரும்பி, நேராகப் போனாள். கல்லைக்கூடப் பார்க்கவில்லை. ஒரு இடத்தில் நின்று தரையைக் காலால் கொஞ்சம் சமன்செய்து உட்கார்ந்தாள்.

சின்னவள் இரண்டு வயதுக்குக் கீழே உள்ள வரிகளை மட்டும் திரையில் எடுத்தாள். போனை இழுத்து வைத்துக்கொண்டாள்.

முதல் எண் உபயோகத்தில் இல்லை. அடுத்ததில் ஒரு ஆண் குரல், பின்னால் இயந்திரச் சத்தம்.

"யாரு?"

"இடுகாட்டு ஆபீஸ்லேருந்து பேசறேன் சார். உங்க குழந்தையை எங்க வச்சீங்கன்னு..."

"அதான் மெசேஜ் அனுப்பிட்டீங்களே. எங்க இருக்குன்னு நீங்கதானே சொல்லணும், என்னைக் கேக்கறீங்க?"

"மெசேஜ்ல இருக்கற நம்பர் தப்பு சார். என் தப்பு. வச்ச இடம் உங்களுக்கு ஞாபகம் இருந்தா இப்பவே வாங்க. மத்தியானம் மெஷின் வருது."

இயந்திரச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. போனை வைத்துவிட்டார்.

இன்னொரு எண்ணில் எடுத்தவள் சிறு பெண். அம்மா வெளியே போயிருக்கிறாள், என்ன சொல்லவேண்டும் என்று கேட்டாள். அவளுக்கு முன்னால் வீட்டில் ஒரு குழந்தை இருந்தது அவளுக்குத் தெரிந்திருக்குமா என்று புரியாமல், அப்புறம் பேசுகிறேன் என்று சின்னவள் வைத்தாள். ஒரு வயதான பெண்குரல், "வேண்டாம்மா, கெளறாதே, எது பெட்டியோ அதுவே இருக்கட்டும், என் மருமக இப்பதான் சோறு தின்ன ஆரம்பிச்சிருக்கா" என்றது. ஒருவர் நீ உருப்படுவியா என்று தொடங்கி மூச்சு வாங்கும்வரை திட்டினார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டி முடித்துவிட்டு அவரே, "எங்க அண்ணன் காலடியில, மதிலோரம், மூணாவது வரிசை" என்றார். குரல் வேறு யாருடையதோ போல ஆகியிருந்தது. இன்னொரு பெண் கேள்வியை முடிக்கக்கூட விடவில்லை. "எங்கப்பா பக்கத்துல. வலது காலுக்குக் கிட்ட. அன்னிக்கு மழை. குடை பிடிச்சுக்கிட்டே வச்சோம்" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. இத்தனை நாள் யாராவது கேட்பார்கள் என்று வாசலிலேயே நின்றுகொண்டிருந்தவள் மாதிரி பேசினாள். அவளை நிறுத்தி, வாங்க என்று மட்டும் சொல்லி வைப்பது மற்ற எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

கண்காணிப்பாளர் அறை வாசலில் வந்து நின்றார். அவள் அடுத்த எண்ணை அழுத்துவதைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கதவு சாத்தும் சத்தத்திலேயே தன் வேலை போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

அவள் பாதி வரிகளைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் மெஷின் வந்துவிட்டது. மஞ்சள் நிறம், முன்னால் அகலமான தகடு. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. போனைப் போட்டுவிட்டு அவள் வெளியே ஓடினாள்.

இடுகாட்டில் அக்காவைத் தவிர இன்னும் சிலர் இருந்தார்கள். மதிலோரம், போனில் திட்டிய மனிதர், வேலைச் சீருடையோடு. இன்னொரு பெண், குடையைப் பற்றிப் பேசியவளாகத்தான் இருக்கவேண்டும். ஒரு கல்லின் பக்கத்தில் குத்துக்காலிட்டு, வந்த வேகம் இன்னும் அடங்காமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். தொலைவில் ஒரு கணவன் மனைவி, எந்த இடம் என்று தங்களுக்குள் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். அவன் இங்கே என்றான், அவள் அங்கே என்றாள். கடைசியில் இரண்டு இடத்திலும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான். அத்தனை பெரிய இடத்தில் கை விரல்விட்டு எண்ணிவிடலாம் போல.

மெஷின்காரர் அக்காவின் முன்னால் வந்து நிறுத்திவிட்டு எட்டிப்பார்த்தார்.

"எழுந்திரும்மா. எனக்குப் பொழுதுக்குள்ள முடிக்கணும்."

"முடிச்சுக்கோ. நான் நகரமாட்டேன்."

"என்னம்மா இது, பஸ்ல சீட் பிடிச்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"கீழ என் பொண்ணு இருக்கா."

அவர் மெஷினின் சத்தத்தைக் குறைத்தார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். "அவங்க எல்லாம்?"

"அவங்களுக்கும்."

மெஷின்காரர் அலுவலகத்தின் பக்கம் பார்த்தார். அங்கிருந்து யாரும் வரவில்லை. யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்ததும், "எனக்குச் சொன்னது ஒண்ணு, இங்க நடக்கறது ஒண்ணு" என்று முணுமுணுத்துவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்தார். நேரே யாருமே உட்காராத அந்தக் கோடிக்கு ஓட்டிக்கொண்டு போய்த் தகட்டை இறக்கினார்.

சின்னவள் அந்தக் கோடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே கற்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து மண்ணோடு உருண்டன. அவள் அழைக்காத வரிகள், உபயோகத்தில் இல்லாத எண்கள், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்த அந்தச் சிறு பெண்ணின் வீடு, யாருக்குக் கீழே யார் என்று தெரியாமல் எல்லோரும் அங்கேதான் எங்கோ இருந்தார்கள். ஓடிப்போய் அவளும் முன்னால் உட்காரலாம். ஆனால் எந்த இடத்தில் உட்காருவது?

மேஸ்திரி மண்வெட்டியோடு வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அக்காவின் எதிரில் நின்று, "எங்கன்னு காட்டுங்கம்மா" என்றார்.

"முதல்ல அவங்களுக்கு" என்று அக்கா மதிலோரம் கையைக் காட்டினாள்.

மேஸ்திரி அங்கே போனார். பிறகு குடைக்காரப் பெண்ணிடம். கணவன் மனைவியிடம் இரண்டு இடத்திலும் தோண்டினார். மனைவி சொன்ன இடத்தில் கிடைத்தது. கணவன் தன் இடத்திலிருந்து எழுந்து வந்து, மண்ணைத் தட்டிக்கொள்ளாமலே அவள் பக்கத்தில் நின்றான். சின்னவள் கொட்டகையிலிருந்து வெறும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டாள். ஒவ்வொன்றின் மூடியிலும் குழி எண்ணைப் பென்சிலால் எழுதினாள், இந்தத் தடவை வைத்தவர்களையே கேட்டு, அவர்கள் சொல்லச் சொல்ல.

கடைசியாக அக்கா எழுந்து தள்ளி நின்றாள். மேஸ்திரி மண்வெட்டியை ஓரமாகப் போட்டுவிட்டுக் கையாலேயே தோண்டினார். முழங்கை ஆழத்தில் நிறுத்தினார். குச்சி போல மெல்லியதாகச் சில எலும்புகள், ஒரு உள்ளங்கையில் அடங்கும். அக்கா அவரை எழச் சொல்லிவிட்டு அவள் இறங்கினாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் வைத்தாள். அழவில்லை. மூடியை வைத்துவிட்டுத் தூக்கிப் பார்த்தாள். மரத்தின் கனம் மட்டும்தான். அதைக் கையில் வைத்தபடியே சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். அக்கா கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே மறுபடி உட்கார்ந்தாள்.

வெயில் சாய்ந்திருந்தது. அப்போதுதான் வாசல் பக்கமிருந்து ஒருவர் ஓட்டமும் நடையுமாக வந்தார். கையில் சாப்பாட்டுத் தூக்கு, சட்டையில் எண்ணெய்க் கறை. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுச் சின்னவளிடம் வந்தார்.

"நீங்கதானே போன் பண்ணது? எங்க மெஷின் சத்தத்துல சரியாக் கேக்கலை. வச்சுட்டேன். அப்புறம் மனசு கேக்கலை. லீவு சொல்லிட்டு வரேன்."

"எங்க வச்சீங்க?"

"எங்க அம்மா பக்கத்துல" என்று அவர் திரும்பிக் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. அவர் காட்டிய பக்கம் மண் வழவழவென்று, பலகை போலச் சமமாக இருந்தது. மெஷின் அதன்மேல் இன்னொரு தடவை போய்க்கொண்டிருந்தது.

"அங்க ஒரு வேப்பமரம் இருந்துச்சே. அதை வச்சுத்தான் எனக்கு அடையாளம்" என்றார். பதிலுக்குக் காத்திருந்தார். என் தப்பு என்று சொல்வதற்கு அன்று முழுவதும் சின்னவளிடம் வார்த்தை இருந்தது. இப்போது அது வரவில்லை.

"அம்மாவுக்குப் பக்கத்துலன்னா எந்தப் பக்கம்?" என்று அக்காதான் கேட்டாள்.

"இடது பக்கம்."

"பொண்ணா, பையனா?"

"பையன்."

அக்கா பெட்டியை மடியில் இழுத்துப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். அவர் சமமான மண்ணையே பார்த்தபடி, தூக்கைக் கீழே வைக்காமல், அவள் விட்ட இடத்தில் உட்கார்ந்தார்.